பிறந்த நாட்டுக்குத் திரும்பிய பையன் ஏன் முடங்கிக் கிடக்கிறான்?

ஒரு தந்தையின் கேள்வி இது. மகனுக்கு 14 வயது. அவனுடைய ஏழாவது வயதில் குடும்பம் வேலைக்காக வேறொரு நாட்டுக்குப் போனது. ஏழு ஆண்டுகள் அங்கே படித்துவிட்டு இப்போது பிறந்த நாட்டுக்கே திரும்பி வந்து ஐந்து மாதம் ஆகிறது. போனபோதுகூட இவ்வளவு தவிக்காத பிள்ளை, திரும்பி வந்ததிலிருந்து அறையை விட்டு வெளியே வருவதில்லை. இரவெல்லாம் அங்குள்ள நண்பர்களோடு போனில் இருக்கிறான். மதிப்பெண் சரிந்துவிட்டது. ‘நான் எந்த நாட்டுக்காரன்?’ என்று ஒருநாள் கேட்டிருக்கிறான். இது எப்போது சரியாகும், நாங்கள் என்ன செய்ய வேண்டும், இரண்டு ஆண்டு கழித்து வேலை மறுபடியும் அங்கேயே இழுத்தால் அவனையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, பல நாட்டுப் பிள்ளைகள் வந்து போகும் பள்ளிகளில் மாணவர் ஆலோசகராக நெடுநாள் வேலை பார்த்து வருகிறேன். புதிய நாட்டுக்குப் போகிற பிள்ளைகளைவிட, சொந்த நாட்டுக்குத் திரும்புகிற பிள்ளைகள்தான் என் அறையில் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். உங்கள் பையனுக்கு நடப்பது அபூர்வமான விஷயம் இல்லை. ஆனால் ‘சின்னப் பையன்தானே, தானாகப் பழகிக்கொள்வான்’ என்று விட்டுவிடக்கூடியதும் இல்லை.

நீங்களும் உங்கள் மனைவியும் ஊர் திரும்பியிருக்கிறீர்கள். உங்கள் மகன் அப்படித் திரும்பவில்லை, அவன் நாடு விட்டு நாடு வந்திருக்கிறான். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் வந்தீர்கள், ஆனால் இரண்டும் வேறு வேறு பயணம். பதினான்கு ஆண்டுகளில் அவன் இரண்டு நாட்டிலும் சரிபாதி வாழ்ந்திருக்கிறான் என்று கணக்குச் சொல்லும். ஆனால் முதல் பாதியில் அவனுக்கு நினைவிருப்பது எவ்வளவு? மூன்று வயதுக்கு முந்தைய நினைவு யாருக்குமே அநேகமாக நிற்பதில்லை. மீதி நாலு ஆண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில காட்சிகள் இருக்கும். நண்பன் என்று ஒருவனைத் தானே தேடிக்கொண்டது, தனியாகக் கடைக்குப் போய்வந்தது, ஒரு டீச்சரை வெறுத்தது, யாரையோ பிடித்துப்போய் வெளியே சொல்லாமல் வைத்துக்கொண்டது எல்லாம் அந்த நாட்டில் நடந்தவை. நீங்கள் இங்கே வந்ததும் அறுந்துபோன பழைய இழைகள் உங்களுக்கு ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைக்கின்றன. பழைய சிநேகிதர்கள், அண்ணன் தம்பி, வழக்கமாகப் போகிற தெரு. உங்களுக்குத் திரும்பக் கிடைக்கிற அதே வாரங்களில் அவன் இழந்துகொண்டிருக்கிறான். வீட்டில் பெரியவர்கள் சந்தோஷமாக இருக்கும்போது தன் வருத்தத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல்தான் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

லீவுக்கு வந்துபோனபோது நன்றாகத்தானே இருந்தான் என்று பல பெற்றோர்கள் கேட்பார்கள். லீவில் அவன் விருந்தாளி. மாமா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள். இப்போது அவர்களுக்குப் பரீட்சை இருக்கிறது, டியூஷன் இருக்கிறது, அவரவர் நண்பர்கள் இருக்கிறார்கள். அவனும் விருந்தாளி இல்லை. மூன்று வாரம் தாங்கியவர்கள் முந்நூறு நாளும் தாங்க முடியாது, அது அவர்கள் குற்றமும் இல்லை.

போவதைவிடத் திரும்புவது ஏன் கடினம் என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. புது நாட்டில் அவன் வெளியாள் என்று பார்த்தவுடனே தெரியும். பள்ளியில் ஒரு துணைப் பையனை ஒதுக்குவார்கள், டீச்சர் மெதுவாகப் பேசுவார், தவறு செய்தால் ‘புதுசு, பாவம்’ என்பார்கள். பிறந்த நாட்டில் அவன் முகம், பெயர், நிறம் எல்லாம் மற்றவர்களைப் போலவே இருக்கின்றன. எனவே யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்வதில்லை. தவறு செய்தால் புதியவன் என்று நினைப்பதற்குப் பதிலாக, ‘மந்தம்’ அல்லது ‘திமிர் பிடித்தவன்’ என்றுதான் நினைக்கிறார்கள். பெரியவர் வந்ததும் எழுந்து நிற்காதது அவனைப் பொறுத்தவரை ஒன்றுமே இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது மரியாதைக் குறைவு. ‘அங்கே இப்படித்தான் செய்வோம்’ என்று ஒரு தடவை விளக்கினால் கேட்டுக்கொள்வார்கள். நான்காவது தடவை சொன்னால் பெருமையடிக்கிறான் என்று பட்டம் கட்டிவிடுவார்கள். அதனால்தான் பல பிள்ளைகள் இரண்டாவது மாதத்திலேயே வாயை மூடிக்கொள்கிறார்கள்.

இதை ஆய்வாளர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் போய்வந்த நார்வேக்காரர்களிடம் பேசி 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலோ இருந்தவர்களைவிட, இடையில் இருந்தவர்களுக்குத்தான் சிரமம் அதிகம் என்று அதில் கண்டார். தொடக்கத்தில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு மெல்ல ஏற்றம் என்று அதிலிருந்து ஒரு வளைவு வரைந்தார்கள். 1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் தம்பதியர், ஊர் திரும்பும்போது அதே வளைவு இன்னொரு தடவை வருகிறது என்று சேர்த்தார்கள். ஆக, போகும்போது ஒரு பள்ளம், வரும்போது இன்னொரு பள்ளம்.

ஆனால் அந்த வளைவை வேத வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொலீன் வார்டும் அவருடன் வேலை செய்தவர்களும், நியூசிலாந்துக்குப் படிக்கப் போன ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், முதலில் தேனிலவு போன்ற உற்சாகம் என்று ஒன்றும் இல்லை, வந்து இறங்கிய புதிதில்தான் கஷ்டம் உச்சம், பிறகு குறைகிறது என்று வந்தது. நான் பார்த்த பிள்ளைகளில் இரண்டு வகையும் உண்டு. சிலர் முதல் நாளே சுருண்டுவிடுவார்கள். சிலர் முதல் இரண்டு மாதம் ஜோராக இருந்துவிட்டு, ‘இது லீவு இல்லை, இனி இங்கேதான்’ என்பது உறைத்ததும் சரிவார்கள். ஐந்தாம் மாதத்தில் உங்கள் பையன் இப்படி இருப்பது இரண்டாவது வகை போலத் தெரிகிறது. எப்போது சரியாகும் என்று தேதி குறித்துத் தர என்னால் முடியாது. பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு போக வேண்டும். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போது கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வரும். அதற்குள் அவனுக்கு வழக்கங்கள் பிடிபட்டிருக்கும், வகுப்பில் அவனைவிடப் புதியவர்களும் வந்திருப்பார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதல் வேலை, அவன் இழந்தது இழப்புதான் என்று ஒத்துக்கொள்வது. இது கேட்க எளிதாக இருக்கும், வீட்டில் செய்வது கஷ்டம். யாரும் சாகவில்லை, நண்பர்கள் எல்லாரும் உயிரோடு போனில் இருக்கிறார்கள், பிறகு என்ன துக்கம் என்று தோன்றும். குடும்ப ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று முடிவு தெரியாத இழப்பு, முடிவு தெரிந்த இழப்பைவிட வேறு மாதிரி வாட்டுகிறது என்று கண்டார். உங்கள் மகன் விட்டு வந்த நாட்டை அந்த அளவுக்கு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் தன்மை ஒன்றுதான். அந்த வகுப்பறை, அவன் இருந்த பெஞ்சு, பஸ் நிறுத்தம் எல்லாம் அங்கேயே இருக்கின்றன, அவன் மட்டும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா, ஊரார் துக்கம் என்றே ஏற்றுக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி 1989இல் எழுதினார். இடம் மாறும் பிள்ளைகளின் வருத்தம் அதற்குப் பொருத்தமான உதாரணம். யாரும் விசாரிக்க வரமாட்டார்கள். அழுதால் ‘இங்கே உனக்கு என்ன குறை?’ என்பார்கள்.

அந்தக் கேள்வியை மட்டும் வீட்டில் யாரும் கேட்க வேண்டாம், தாத்தா பாட்டி உள்பட. அவன் குறை சொல்லும்போது மறுத்துப் பேசாதீர்கள், பரிகாரமும் உடனே சொல்லாதீர்கள். ‘அங்கே சாயங்காலம் சைக்கிளில் போவேன்’ என்று அவன் சொன்னால், ‘இங்கேயும் போகலாமே’ என்பது உங்கள் வாயில் முதலில் வரும். அதை விழுங்கிவிட்டு, ‘யார் யார் போவீர்கள்? எந்த வழியாக?’ என்று கேளுங்கள். பத்து நிமிஷம் பேசுவான். பேசி முடித்தபின் இங்கே சைக்கிள் வேண்டும் என்று அவனே சொன்னாலும் சொல்வான், சொல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

விடைபெற்றுவிட்டு வந்தானா என்று யோசித்துப் பாருங்கள். பல குடும்பங்களில் கிளம்புகிற கடைசி மாதம் பெட்டி கட்டுவதிலும் கணக்கு முடிப்பதிலும் போய்விடும். பிள்ளையைக் கடைசி நாள் வரை பள்ளிக்கு அனுப்பிவிட்டு மறுநாள் விமானம் ஏற்றிவிடுவார்கள். சொல்லிக்கொள்ளாமல் வந்த இடம் மனசில் முடியாமலே கிடக்கும். ஐந்து மாதம் கழித்தும் இதைச் செய்யலாம். அங்கே அவனுக்குப் பிடித்த டீச்சருக்கு ஒரு கடிதம், நண்பர்கள் கூடியிருக்கும் நேரம் பார்த்து ஒரு வீடியோ அழைப்பு, அங்கே எடுத்த போட்டோக்களை அச்சடித்து ஒரு ஆல்பம். சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் வந்த நண்பன் யாராவது இருந்தால் அதுதான் முதல் வேலை. அந்த மனஸ்தாபம் தூரத்தில் ஆறாது, ஊறிப்போகும்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். மதிப்பெண் சரிந்ததை நீங்கள் மனவருத்தத்தின் விளைவாகப் பார்க்கிறீர்கள். பாதி அப்படி இருக்கலாம், மீதி பாதி மொழி. கனடாவில் ஜிம் கம்மின்ஸ் 1980களின் தொடக்கத்தில் குடியேறிய பிள்ளைகளைப் பற்றி எழுதியது ஆசிரியர்கள் மத்தியில் பிரபலம். ஒரு மொழியில் சரளமாக அரட்டை அடிக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டு போதும். பாடம் படித்து, புரிந்து, தேர்வில் அந்த மொழியில் யோசித்து எழுதும் அளவுக்கு அந்நாட்டுப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். உங்கள் பையன் வீட்டில் தாய்மொழி பேசினான், சரளம் இருக்கிறது. அதனால் அவனுக்கு மொழி தெரியும் என்று பள்ளியும் நம்புகிறது, நீங்களும் நம்புகிறீர்கள். ஆனால் ஏழு வயதில் விட்ட வாசிப்பு ஏழு வயதிலேயே நிற்கிறது. ‘ஒளிச்சேர்க்கை’, ‘விகிதமுறு எண்’, ‘நிலப்பிரபுத்துவம்’ போன்ற சொற்களை அவன் அடுக்களையில் கேட்டிருக்க வழியில்லை. விஷயம் அவனுக்குத் தெரியும், வேறு மொழியில் தெரியும். அறிவியல் பாடத்தில் ஒரு பக்கத்தை அவனை உரக்கப் படிக்கச் சொல்லி, என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வேகம் எங்கே தடுக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்படியானால் அவனுக்குத் தேவை கூடுதல் கணக்கு டியூஷன் இல்லை. அந்தந்தப் பாடத்தின் சொற்களை இரண்டு மொழியிலும் எதிரெதிரே எழுதிவைத்த ஒரு நோட்டும், அதைச் சேர்ந்து பார்க்க ஒரு ஆளும் போதும்.

இதோடு ஒரு கவலையையும் தீர்த்துவிடலாம். அந்த நாட்டு மொழியை மறந்துவிடுவானோ என்றும் பல பெற்றோர்கள் அஞ்சுவார்கள். ஏறக்குறைய பன்னிரண்டு வயதுக்கு முன் ஒரு மொழிச் சூழலை விட்டுப் பிரிந்த பிள்ளைகள்தான் அந்த மொழியை வேகமாக இழக்கிறார்கள். அதற்குப் பிறகு பிரிந்தவர்களுக்குச் சொற்கள் துருப்பிடிக்குமே தவிர அடித்தளம் நிற்கும் என்பதுதான் ஆய்வுகளில் தெரிவது. 14 வயதுப் பையன் வாரத்துக்குச் சில மணி நேரம் அந்த மொழியில் படித்துப் பேசினால் போதும்.

மொழிக்கு வெளியே சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. என்னிடம் வந்த ஒரு மாணவியின் கணக்கு விடைத்தாளைப் பார்த்தேன். தசமம் வருகிற எல்லா இடத்திலும் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டிருந்தாள், ‘2,75’ என்பது போல. ஐரோப்பாவில் பல நாடுகளில் அப்படித்தான் எழுதுவார்கள். திருத்தியவர் எல்லாவற்றையும் சிவப்பில் அடித்திருந்தார். விடை அத்தனையும் சரி. நீள்வகுத்தலை எழுதும் வடிவம்கூட நாட்டுக்கு நாடு வேறு. வரலாறு கேட்கவே வேண்டாம். ஒரு நாட்டுப் புத்தகத்தில் வீரனாக வருபவர் இன்னொரு நாட்டுப் புத்தகத்தில் படையெடுத்து வந்தவர். அந்தப் பெண் பிறகு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டாள். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை என்கிற விஷயங்களை அதில் எழுதினாள்: பேனாவா பென்சிலா, கேள்வி கேட்கும்போது எழுந்து நிற்க வேண்டுமா, டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, இரவல் வாங்கிய நோட்டை எப்போது திருப்பித் தருவார்கள், கிண்டல் எது சண்டை எது. தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அதில் முக்கால்வாசி தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் மட்டும்தான் என்று புரிய அந்த நோட்டு உதவியது. உங்கள் பையனிடமும் சொல்லிப் பாருங்கள். கிண்டலாக எழுதினாலும் எழுதட்டும்.

வகுப்பாசிரியரைப் பார்த்து இவன் ஏழு ஆண்டு வெளிநாட்டில் படித்தவன், இந்தந்த விஷயங்கள் தெரியாது என்று நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். சேர்க்கைப் படிவத்தில் எழுதியிருக்கிறதே என்று இருக்காதீர்கள். அதை யாரும் படிப்பதில்லை.

போன். இதில் பெற்றோர்கள் உடனே கை வைப்பார்கள், நான் வேண்டாம் என்பேன். அவனுடைய நண்பர்களுக்கு மாலை என்றால் உங்களுக்கு நள்ளிரவு, அதுதான் சிக்கல். பருவ வயதில் உடலின் கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பது சிறு வயதில் இருந்ததைவிடத் தாமதமாகிறது. ஏற்கெனவே தாமதமாகத் தூங்கும் வயதில் நேர வித்தியாசமும் சேர்ந்துகொள்ள, பையன் உடம்பு இங்கேயும் மூளை அங்கேயுமாக நடமாடுகிறான். பறித்து வைத்தால் இருக்கிற ஒரே துணையையும் நீங்களே அறுத்த மாதிரி ஆகும். வார நாளில் இத்தனை மணிக்குமேல் இல்லை, சனி ஞாயிறு இரவு அவன் இஷ்டம் என்று பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு பக்கமும் விழித்திருக்கும் நேரம் எது என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள், காலையில் பள்ளிக்கு முன்னால் ஒரு அரைமணி கிடைக்கலாம். இன்னொரு விஷயமும் நடக்கும், அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். அந்த குரூப் மெல்ல மெல்ல அடங்கிவிடும். அவனுக்குத் தெரியாத புது ஆசிரியரைப் பற்றியும் அவன் போகாத டூர் பற்றியும் அவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். அன்றைக்கு அவன் முகம் வாடியிருந்தால், ‘அப்பவே சொன்னேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இங்கே நண்பர்கள் பத்துப் பேர் வேண்டாம், ஒருவன் போதும். பேச்சை நம்பி நடக்காத இடமாகத் தேடுங்கள்: கால்பந்து, செஸ், நீச்சல், வாத்தியம். உள்ளூர்ச் சினிமா, உள்ளூர் ஜோக் எதுவும் தெரியாமலே ஒருவன் கோல் போடலாம். கூட்டமாக உட்கார்ந்து அரட்டை அடிக்கும் இடத்தில்தான் அவனுக்கு மூச்சு முட்டும், ஏனென்றால் அங்கே பேசப்படும் பாதி விஷயம் அவன் இல்லாத ஏழு ஆண்டில் நடந்தது. திரும்பி வந்த வேறொரு பிள்ளை பள்ளியில் இருந்தால் இன்னும் நல்லது. எந்த நாட்டிலிருந்து திரும்பினான் என்பது முக்கியமே இல்லை. 1950களில் இந்தியாவில் வேலை பார்த்த அமெரிக்கர்களை ஆராய வந்த ஜான் யூசீம், ரூத் யூசீம் தம்பதியர் கவனித்ததும் இதுதான். பெற்றோரின் நாட்டுக்கும் வளரும் நாட்டுக்கும் நடுவில் இந்தக் குடும்பங்களுக்கென்று மூன்றாவதாக ஒரு பண்பாடு உருவாகிறது. அதில் வளர்ந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் சுலபமாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

சரி, ‘நான் எந்த நாட்டுக்காரன்?’ என்ற கேள்வி. இதைக் கேட்டுவிட்டானே என்று நீங்கள் கலங்கியிருப்பது எழுத்தில் தெரிகிறது. எனக்கு அவன் வாய்விட்டுக் கேட்டது நல்ல அறிகுறியாகப் படுகிறது. அடையாள நெருக்கடி என்ற கருத்தைப் பிரபலமாக்கிய உளவியலாளர் எரிக் எரிக்சனே இப்படி வளர்ந்தவர்தான். 1902இல் ஜெர்மனியில் பிறந்தவர், தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பள்ளியில் யூதன் என்று கேலி செய்தார்கள். யூதக் கோவிலிலோ பொன்னிற முடியைப் பார்த்து வெளியாள் என்று கேலி செய்தார்கள். பிற்பாடு 1933இல் அமெரிக்காவுக்கு வேறு குடிபெயர்ந்தார். இப்படிப்பட்டவர் ‘நான் யார்’ என்ற கேள்வியைப் பருவ வயதின் மையத்தில் கொண்டுபோய் வைத்ததில் என்ன ஆச்சரியம்?

பதில் என்னவாக இருக்க வேண்டும்? ‘நீ இந்த நாட்டுக்காரன்தான், அதை மறக்காதே’ என்பது பெரியவர்களுக்குப் பிடித்த பதில், ஆனால் உதவாத பதில். ஜான் பெர்ரி, ஜீன் ஃபின்னி முதலானோர் 13 நாடுகளில் 13 முதல் 18 வயது வரையுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரண்டு பண்பாட்டையும் வைத்துக்கொண்ட பிள்ளைகள்தான் மனநிலையிலும் பள்ளியிலும் நன்றாக இருந்தார்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் அவர்களுக்குப் பின்னால், எதிலும் ஒட்டாதவர்கள் கடைசியில். வெரோனிகா பெனெட்-மார்ட்டினஸ் என்ற ஆய்வாளர் இதை இன்னும் கொஞ்சம் நுட்பமாகப் பார்த்தார். இரண்டு அடையாளம் இருப்பது பிரச்சினை இல்லை, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைப்பதுதான் ஆளை வாட்டுகிறது. அந்த எதிரி நினைப்பைப் பிள்ளைகள் பெரும்பாலும் பெரியவர்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே இருந்தபோது வீட்டில் அந்த நாட்டு ஆட்களைக் கிண்டலடித்துப் பேசியிருப்போம். இங்கே வந்ததும் இந்த நாட்டு ஒழுங்கின்மையைத் திட்டுவோம். நமக்கு அது பொழுதுபோக்குப் பேச்சு. இரண்டு பக்கமும் பாதியாக இருப்பவனுக்கு இரண்டு தடவையும் அடி அவன்மேல் விழுகிறது.

உறவினர் வீட்டில் ‘அந்த ஊர்ப் பாஷையில் ஏதாவது பேசிக் காட்டு’ என்று கேட்பவர்களை நீங்கள் முந்திக்கொண்டு தடுத்துவிடுங்கள். அவன் உச்சரிப்பைத் திருத்துவதையும் கொஞ்ச காலத்துக்கு நிறுத்துங்கள். ‘நீ எங்கேயிருந்து வர்றே?’ என்று யார் கேட்டாலும் வாழ்க்கை வரலாறே சொல்ல வேண்டியிருக்கிறதே என்று இந்தப் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். வழியில் கேட்பவர்களுக்கு ஒரு வரி, வகுப்பில் கேட்பவர்களுக்கு மூன்று வரி, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு முழுக்கதை என்று முன்கூட்டியே தயார் செய்துகொள்ளச் சொல்வேன். ஒரு வரி மட்டும் சொன்னால் பொய் சொன்னதாகாது என்று அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

எது சாதாரண வருத்தம், எது டாக்டரிடம் போக வேண்டிய கட்டம்? அங்குள்ள நண்பர்களோடு பேசும்போது சிரிக்கிறான், பிடித்த விளையாட்டைப் போனிலாவது பார்க்கிறான், சாப்பிடுகிறான், கோபப்படுகிறான் என்றால் காத்திருக்கலாம். கோபம்கூட நல்லதுதான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமே இல்லை, அந்த நாட்டு நண்பர்களையும் விட்டுவிட்டான், எடை குறைகிறது, பள்ளிக்குப் போகவே மறுக்கிறான் என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற தொனியில் பேசினாலோ அன்றைக்கே போக வேண்டும், இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

கடைசியாக, இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் போகலாமா என்பது. அப்போது அவனுக்கு 16. வெளிப்படையாகச் சொன்னால் அது எல்லாவற்றிலும் மோசமான வயது. டென்மார்க்கில் 1971 முதல் 1997 வரை பிறந்த பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து ரோஜர் வெப்பும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பிள்ளைப் பருவத்தில் அடிக்கடி இடம் மாறியவர்களுக்கு, அதிலும் பதின்பருவத்தில் மாறியவர்களுக்கு, பின்னாளில் மனநலச் சிக்கல் உள்படப் பல பாதிப்புகளுக்கான வாய்ப்பு கூடியிருந்தது. வசதியான வீட்டுப் பிள்ளைகளும் இதற்கு விலக்கில்லை. அது ஒரே நாட்டுக்குள் ஊர் மாறியவர்களைப் பற்றியது, மாறியதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவும் இல்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘பிள்ளைகள் எதையும் தாங்குவார்கள்’ என்ற வசனத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படிப்பு விஷயத்தில் இன்னும் நேரடியான சிக்கல்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்கும், ஜப்பானில் ஏப்ரலில், இங்கிலாந்தில் செப்டம்பரில். மாறுகிற பிள்ளை அரை ஆண்டு முன்னேயோ பின்னேயோ போய் விழுவான். கீழ் வகுப்பில் அது பெரிய விஷயமில்லை, பள்ளி இறுதித் தேர்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டில் அது ஒரு முழு ஆண்டையே தின்றுவிடும். சர்வதேசப் பள்ளிகளில் பள்ளி இறுதியில் படிக்கும் ஐபி டிப்ளமா போன்றவை இரண்டு ஆண்டுத் தொடர் படிப்பு, இடையில் பள்ளி மாறினால் அதே பாடங்கள் அங்கே இருக்குமா என்பதே சந்தேகம். எனவே மாறுவதென்றால் அந்த இரண்டு ஆண்டு தொடங்கும் முன்பே மாறுங்கள், இல்லாவிட்டால் முடிந்த பிறகு. நடுவில் வேண்டாம்.

கல்லூரியையும் இப்போதே யோசிக்க வேண்டும். அந்நாட்டு மாணவருக்கான கட்டணம் வேண்டுமென்றால் பாஸ்போர்ட் மட்டும் போதாது, குறிப்பிட்ட காலம் அங்கே வசித்திருக்க வேண்டும் என்று சில நாடுகளில் விதி உண்டு. பிரிட்டனில் பொதுவாகப் படிப்பு தொடங்கும் முன் மூன்று ஆண்டு. இரட்டைக் குடியுரிமையை இந்தியா போன்ற நாடுகள் ஏற்பதில்லை. ஏற்கும் நாடுகளிலும் சிலவற்றில் பிள்ளை குறிப்பிட்ட வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தென் கொரியா, சிங்கப்பூர் போல ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உள்ள நாடு உங்கள் இரண்டில் ஒன்றாக இருந்தால், பதினெட்டு வயதுக்கு வெகு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழ்களை 1961 ஹேக் உடன்படிக்கையின்படி, ஆவணம் உண்மையானது என்று சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை பெற்று வைத்துக்கொண்டால், அதில் சேர்ந்த மற்ற நாடுகளில் சான்றுரைக்காகத் தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதில்லை. முத்திரையை அந்தச் சான்றிதழ் வழங்கப்பட்ட நாட்டிலேயே வாங்க வேண்டும் என்பதால், அங்கே ஆள் பழக்கம் இருக்கும்போதே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

அப்புறம், அவனைக் கேட்க வேண்டும். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்து மதிக்கப்படவும் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. முடிவை அவன் தலையில் போட வேண்டாம், அது பெற்றோர் சுமக்க வேண்டியது. ஆனால் வேலை மாறும் பேச்சு தொடங்கிய அன்றே அவனுக்குத் தெரிய வேண்டும். சமையலறையில் நீங்கள் இருவரும் தணிந்த குரலில் பேசுவதிலிருந்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. இங்கேயே முடிக்கிறேன் என்று அவன் சொன்னால், நீங்கள் மட்டும் முதலில் போவது, பள்ளி முடியும் வரை அவனும் அம்மாவும் இங்கே இருப்பது, இல்லையென்றால் வேலையிடத்தில் ஒரு ஆண்டு தள்ளிக் கேட்பது என்று மூன்று வழிகளையாவது அவன் முன்னால் வைத்துப் பேசுங்கள். போகிறேன் என்று சொன்னாலும் ஒரு எச்சரிக்கை: அவன் திரும்பப் போக நினைப்பது 14 வயதில் விட்டு வந்த வகுப்புக்கு. அந்த வகுப்பும் கலைந்திருக்கும், நண்பர்களும் வேறு வேறு பாடப்பிரிவில் சிதறியிருப்பார்கள். முடிவெடுக்கும் முன் ஒரு லீவில் பத்து நாள் அவனை அங்கே அனுப்பி, யாராவது நண்பன் வீட்டில் தங்கவைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்தபின் அவன் சொல்வது வேறாகவும் இருக்கலாம்.